செடிக்கு என்ன ஆச்சு? பூச்சி, பூஞ்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்காளி, மிளகாய், கத்தரி, பூசணி, ரோஜா என்று வெட்டவெளியில் செடி வளர்ப்பவர்கள் பேச்சைத் தொடங்குவதே "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். "இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் பார்த்திருக்க மாட்டார்கள். வந்திருப்பது யார் என்று தெரியாமல் அடிக்கிற மருந்து பெரும்பாலும் வீண்; சில சமயம் அதுவே வினையாகவும் முடியும். அதனால் கீழே உள்ள பதில்களில் மருந்தைவிட அடையாளம் காண்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பூச்சியா, பூஞ்சையா, சத்துக் குறைவா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பூச்சி வந்த இடத்தில் தடயம் இருக்கும். கடித்த ஓட்டை, இலைமேல் கடுகு போன்ற புழுக்கை, கை வைத்தால் பிசுபிசுப்பு, உதிர்ந்த வெள்ளைத் தோல், மெல்லிய நூலாம்படை, இவற்றில் ஏதாவது ஒன்றாவது தென்படும். பூஞ்சை வேறு மாதிரி: புள்ளியாகத் தொடங்கி நாளுக்கு நாள் விரியும். வளையமாகவோ, மாவு பூசியது போலவோ, நுண்ணிய ரோமம் போலவோ இருக்கும். சத்துக் குறைவு பெரும்பாலும் ஒரு ஒழுங்கோடு வரும். தழைச்சத்து போதாவிட்டால் அடி இலைகள் சீராக மஞ்சளாகும்; இரும்புச்சத்து போதாவிட்டால் நுனியில் உள்ள இளம் இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? பாதித்த இலையின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மூன்று நாளில் புள்ளி கோட்டைத் தாண்டியிருந்தால் நோய் இன்னும் நடக்கிறது. தாண்டவில்லை என்றால் அது பழைய காயம், விட்டுவிடலாம்.

எப்போது பார்க்க வேண்டும்?

காலையில், வெயில் ஏறும் முன். பூஞ்சையின் ரோமம் ஈரத்தோடு நிற்கும் நேரம் அது. இலையில் பெரிய ஓட்டைகள் இருந்தும் பகலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இரவு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். நத்தையும் வெட்டுப்புழுவும் ராத்திரிக் கணக்கு.

இலை முழுக்க ஊசியால் குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. என்ன அது?

அநேகமாகச் சிவப்புச் சிலந்திப்பேன். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து, இலையை இரண்டு தட்டு தட்டுங்கள். தாளில் விழுவது தூசி போலத்தான் தெரியும். அசையாமல் அரை நிமிடம் பாருங்கள். தூசியில் சில புள்ளிகள் நடக்க ஆரம்பிக்கும். விரலால் தேய்த்தால் செம்பழுப்பாக ஒரு கோடு விழும். அவ்வளவுதான், ஆள் பிடிபட்டார்.

சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை. எட்டுக் காலி, சிலந்திக்கு உறவு. அதனால்தான் சாதாரணப் பூச்சிமருந்துகள் பல அதை ஒன்றும் செய்வதில்லை. அதைவிட மோசம், அந்த மருந்துகள் சிலந்திப்பேனைத் தின்று வாழும் இரைவிழுங்கிப் பேன்களைக் கொன்றுவிடும். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கத்தரியில் புள்ளிகளைப் பார்த்ததும் வீட்டில் இருந்த பூச்சிமருந்தை அடித்தேன். இரண்டு வாரத்தில் நுனிக்கு நுனி நூல் கட்டிக்கொண்டு, செடி வெள்ளைத் துணி போர்த்தியது போல நின்றது.

வெப்பமும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து வளர்ந்த பேன் வரை வந்துவிடும். முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை. ஒரே தடவையோடு நிறுத்தினால் தப்பிய முட்டைகள் பொரித்து, கதை முதலிலிருந்து தொடங்கும். அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடியில் படும்படி. நூல் கட்டிய நுனிகளை வெட்டி எறிவதே மேல்.

மிளகாய் இலை சுருண்டு போகிறது. எல்லோரும் வைரஸ் என்கிறார்கள்.

எல்லாச் சுருளும் வைரஸ் இல்லை. எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள்.

ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடங்கியிருந்தால், சாறு உறிஞ்சும் மிகச் சின்னப் பூச்சியான இலைப்பேன் மேல் சந்தேகப்படலாம். இலையில் வெள்ளி பூசியது போன்ற தீற்றலும் அதன்மேல் கறுப்புப் பொட்டுகளும் இருந்தால் உறுதி. அந்தப் பொட்டுகள் அதன் எச்சம். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, இளம் இலைகள் குறுகி, காம்பு மட்டும் நீண்டு தெரிந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி, சிலந்திப்பேனுக்கு உறவு. 0.2 மில்லிமீட்டர்தான் என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். இதற்கும் கந்தகம் கேட்கும். இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. அப்போது இலை எந்தப் பக்கமும் சொல்லாது.

வைரஸ் வந்த செடியில் சுருளோடு மஞ்சள் கலக்கும், கணுக்கள் நெருங்கும், செடியே குட்டையாகிப் புதர் மாதிரி நிற்கும். இதைச் சுமந்து வருவது வெள்ளை ஈ. இதற்கு மருந்தே கிடையாது.

இன்னொன்று: கடும் வெயிலில் தக்காளியின் அடி இலைகள் நீளவாக்கில் சுருண்டு தடித்துப் போகும். அது செடி தண்ணீரை மிச்சம் பிடிக்கும் வழி. நோய் என்று நினைத்து அதற்கும் மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எறும்பு சாரை சாரையாகச் செடியில் ஏறுகிறது. எறும்புப் பொடி தூவலாமா?

எறும்பு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். முடிவில் இளந்தளிரில் அசுவினிக் கூட்டம் இருக்கும். அசுவினி சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளிவிடும்; எறும்பு அதைக் குடிக்க வரும், பதிலுக்குக் காவல் நிற்கும். அந்தக் கழிவு கீழ் இலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். இலை கரி அப்பியது போல ஆகிவிட்டதே என்று பூஞ்சைக்கொல்லி தேடிப் போகாதீர்கள். அது இலைக்குள் இறங்காத பூசணம், சர்க்கரைமேல் வளர்வது. அசுவினி போனால் அதுவும் காய்ந்து உரிந்துவிடும்.

அசுவினி பெருகும் வேகம் பலருக்குத் தெரியாது. பெண் அசுவினிக்குப் பருவகாலத்தில் ஆண் தேவையில்லை, முட்டையும் இல்லை. நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். நுனியில் பத்து பார்த்த அன்றே விரலால் நசுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கூட்டம் பெருத்துவிட்டால் தண்ணீர் பீய்ச்சுங்கள், பிறகு சோப்புக் கரைசல். தண்டைச் சுற்றி ஒட்டும் நாடா கட்டினால் எறும்பின் காவல் விலகும். மற்றதை இயற்கை எதிரிகள் பார்த்துக்கொள்ளும். கூட்டத்துக்கு நடுவில் உப்பிய, பழுப்பு நிறத்தில் அசையாத அசுவினிகள் தெரிந்தால் அவற்றைத் தொடாதீர்கள். உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது.

தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டு வளர்த்த கொழுகொழு தளிர்தான் அசுவினிக்குப் பிடித்த விருந்து. உரத்தைக் குறைப்பதும் சிகிச்சையில் சேர்த்தி.

மாவுப்பூச்சி?

பஞ்சு ஒட்டியது போலக் கணுக்களில் தெரியும். சில இடங்களில் மட்டும் இருந்தால் 70 சதவீத ஆல்கஹாலில் காதுக்குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொன்றையும் தொட்டு வையுங்கள். மெழுகு கரைந்து பூச்சி நிறம் மாறிச் சாகும். பொறுமை வேண்டும். பரவிய கிளையை வெட்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒருமுறை மாவுப்பூச்சிகளுக்கு நடுவில் அதே வெள்ளையில், இரண்டு மடங்கு பெரிதாக, நூல் நூலாகத் தொங்கும் பஞ்சோடு ஒன்று வேகமாக ஓடியது. "தாய்ப்பூச்சி" என்று நினைத்து வரிசையாக நசுக்கினேன். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1891-இல் கலிஃபோர்னியாவுக்கு மாவுப்பூச்சியை அடக்கவென்றே கொண்டுபோனார்கள். நான் இலவசமாக வந்த காவலாளியை அடித்துக் கொன்றிருக்கிறேன். அடையாளம் எளிது: மாவுப்பூச்சி நகர்வதே அரிது. வேகமாக ஓடினால் நண்பன்.

அதேபோல் சாதாரணப் பொறிவண்டின் புழுவும் குட்டி முதலை மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு பயமுறுத்தும். இலையில் மெல்லிய காம்பின் உச்சியில் நிற்கும் முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. இரண்டும் அசுவினி தின்னிகள்.

வெள்ளை ஈ பறக்கிறது. மஞ்சள் அட்டை போதுமா?

போதாது. மஞ்சள் ஒட்டும் அட்டை எத்தனை வந்திருக்கிறது என்று காட்டும், பறப்பதில் கொஞ்சத்தைப் பிடிக்கும். குஞ்சுகள் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அடி இலைகளைக் கிள்ளி எடுத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை சோப்புக் கரைசல் அல்லது வேப்பெண்ணெய்.

காயில் ஓட்டை, உள்ளே புழு. என்ன செய்வது?

காய்க்குள் போன புழுவை எந்த மருந்தும் எட்டாது. பறித்து அழிப்பதுதான். அடுத்த தலைமுறையைப் பிடிக்க வேண்டும். தளிர், பூ அருகே தனித்தனியாக இட்ட முட்டைகளையும் இலையைச் சுரண்டும் குட்டிப் புழுக்களையும் தேடுங்கள்.

குட்டிப் புழுவுக்குப் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா நல்ல மருந்து. 1901-இல் ஜப்பானில் செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1911-இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவு அந்துப்பூச்சியில் மறுபடி கிடைத்தது, அந்த ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். உடம்பில் பட்டால் ஒன்றும் ஆகாது. தின்ற சில மணி நேரத்தில் தீனியை நிறுத்தும், சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். "அடித்தும் சாகவில்லையே" என்று மறுநாளே வேறு மருந்தைத் தேடாதீர்கள். வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் அடிக்க வேண்டும்.

இலையில் வெள்ளை மாவு பூத்திருக்கிறது. மழையே இல்லையே, பூஞ்சை எப்படி வந்தது?

சாம்பல் நோய்க்கு மழை வேண்டாம். காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். சொல்லப்போனால் இலைமேல் நிற்கும் தண்ணீர் அதன் வித்துகள் முளைப்பதைக் கெடுக்கும். மற்றப் பூஞ்சைகளிலிருந்து இது மாறுபடும் இடம் இதுதான். நெருக்கமாக, நிழலில், காற்றோட்டம் இல்லாமல் நிற்கும் பூசணிக்கொடியும் ரோஜாவும் முதலில் மாட்டும்.

விரலால் துடைத்துப் பாருங்கள். மாவு போல வந்துவிட்டால் சாம்பல் நோய். மேல்பக்கம் நரம்புகளுக்குள் அடைபட்ட மஞ்சள் கட்டங்களும், அவற்றுக்கு நேர் அடியில் சாம்பல் அல்லது ஊதா ரோமமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். பெயர்தான் பக்கத்தில், ஆள் வேறு. இலை நனைந்தால்தான் இது பரவும், கந்தகத்துக்குக் கட்டுப்படாது, தாமிர மருந்து வேண்டும்.

சாம்பல் நோயின் தொடக்கத்தில் பால் கரைசல் வேலை செய்கிறது. பாட்டி வைத்தியம் என்று நானும் சிரித்தவன்தான். 1999-இல் பிரேசில் ஆராய்ச்சியாளர் வாக்னர் பெட்டியோல், பூசணி வகையான சுக்கினிச் செடிகளில் செய்த சோதனையை வெளியிட்டார். பத்தில் ஒரு பங்கு பால் கலந்த தண்ணீரை வாரம் ஒருமுறை தெளித்ததில் நோய் நன்றாகக் கட்டுப்பட்டது. வெயில் படும் நேரத்தில் தெளியுங்கள். முற்றிவிட்டால் நனையும் கந்தகம். ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் கந்தகம் இலையைப் பொசுக்கும். எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. பூசணி, வெள்ளரி குடும்பத்தில் சிலவற்றுக்குக் கந்தகமே ஆகாது, ஒரு இலையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

சமையல் சோடா பலர் சொல்வது. தொடர்ந்து தெளித்தால் அதில் உள்ள சோடியம் மண்ணில் சேரும். பொட்டாசியம் பைகார்பனேட் கிடைத்தால் அதுவே மேல்.

மொட்டும் பூவும் உள்ளிருந்து அழுகுகின்றன. வெளியே நன்றாகத்தான் இருந்தது.

போட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூசணம். அடர்ந்த பூ வைக்கும் செடிகளின் பரம எதிரி. இதழ்கள் நெருங்கிய பூவுக்குள் இரவுப் பனியோ மழைநீரோ மாட்டிக்கொள்ளும், வெளிப்புறம் காய்ந்தாலும் உள்ளே காயாது. 15 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ந்த ஈரநாட்கள் தொடர்ந்தால் அங்கிருந்து தொடங்கும்.

முதல் அடையாளம் மிகச் சின்னது. பச்சையான பூங்கொத்தில் ஒரே ஒரு இலை மட்டும் காரணமில்லாமல் வாடித் தொங்கும். அதை மெல்ல இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். அடிக்காம்பு பழுப்பாகக் குழைந்திருக்கும். பூவை விரித்துப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிற ரோமம். ஊதினால் புகை மாதிரி கிளம்பும். அந்தப் புகை முழுக்க வித்துகள்.

ஆகவே ஊதாதீர்கள். முதலில் பூவின்மேல் பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே வைத்து வெட்டுங்கள். அழுகலுக்குக் கீழே நல்ல திசுவில் நாலு விரல் சேர்த்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை ஆல்கஹாலில் துடையுங்கள். மூக்குக்கு முகமூடி, முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு. பூஞ்சை தின்ற பூவுக்கு மருந்து அடித்துப் பயனில்லை, மிச்சமுள்ளதைக் காப்பதற்குத்தான் மருந்து. புழு துளைத்த காயம் வழியாகவும் இது நுழையும் என்பதால் புழுவை விட்டுவிட்டு இதை மட்டும் துரத்த முடியாது.

"கெட்ட பாகத்தைக் கிள்ளிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாமா?" என்றும் கேட்கிறார்கள். மென்மையான காயோ பூவோ இலையோ என்றால் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ரோமத்தைவிட உள்ளே போன இழைகள் அதிகம்.

மழைக்காலத்துக்கு முன்பே என்ன செய்து வைக்கலாம்?

செடிக்குச் செடி இடைவெளி விடுங்கள். உள்பக்கம் நெருங்கிய கிளைகளைக் கழித்துக் காற்று புக விடுங்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், அதுவும் காலையில்; மாலையில் இலை நனைந்தால் விடிய விடிய ஈரம்தான். தக்காளியில் வளையம் வளையமாக வரும் கருகல் அடி இலையில்தான் தொடங்கும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது வித்துகளும் சேர்ந்து இலையில் ஏறுகின்றன. மண்ணை வைக்கோலால் மூடி, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை உள்ள இலைகளை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். மழை நின்றதும் செடியை மெல்ல உலுக்கித் தண்ணீரை உதிர்த்துவிடும் பழக்கமும் நல்லது.

போர்டோ கலவை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். தாமிர மருந்துகளில் ஒன்று இது. ஒரு லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 10 கிராம் சுண்ணாம்பு. தனித்தனியாக அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை ஓரிரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு படிந்தால் துத்தம் அதிகம், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். படியாவிட்டால் சரி. அன்றே தெளித்துவிட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இது பிறந்த கதை சுவையானது. பிரான்சில் போர்டோ பக்கம் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளுக்கு நீலமாக இந்தக் கலவையைத் தெளித்து வைப்பார்கள். மற்ற கொடிகள் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்த்து நிற்க, சாலையோரம் மட்டும் பச்சையாக இருந்ததைத் தாவரவியலாளர் மில்லார்டே 1882-இல் கவனித்தார். 1885-இல் முறையை வெளியிட்டார். திருடனுக்கு வைத்தது பூஞ்சைக்கு மருந்தாயிற்று.

தாமிரம் நோயைத் தடுக்கும், வந்ததைக் குணமாக்காது. மண்ணிலிருந்து போகவும் போகாது. ஆகவே வாராவாரம் அடிக்கிற பொருள் அல்ல.

வேப்பெண்ணெய் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

முதலில், கலந்த விதம். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி அதன்மேல் சோப்பு போட்டால் எண்ணெய் மிதக்கும். 5 மி.லி. எண்ணெயில் சில சொட்டு மென்மையான திரவ சோப்பை விட்டு நன்றாக அடித்து, பால் போல ஆனதும் லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். துணி வெளுக்கும் டிடர்ஜென்ட் இலையைக் கருக்கும், வேண்டாம். இரண்டாவது, அடித்த இடம். மேல் இலையை நனைத்து என்ன பயன், பூச்சி இருப்பது அடியில். மூன்றாவது, எதிர்பார்ப்பு. வேம்பில் உள்ள அசாடிராக்டின் குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைத் தடுக்கும், பசியைக் கெடுக்கும். விழுந்து துடிக்க வைக்காது. வாரம் ஒருமுறை மூன்று வாரம் அடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாலையில் அடியுங்கள். பூத்திருக்கும் பூமேல் படாமல் பாருங்கள், தேனீ வரும் இடம்.

இயற்கை மருந்து என்றால் ஆபத்தே இல்லைதானே?

புகையிலைக் கரைசலும் இயற்கைதான். அதில் உள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய் மயக்கம், வாந்தி கொண்டுவரும். போதாததற்குப் புகையிலையில் இருக்கும் மொசைக் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. எந்த மருந்தானாலும் அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அட்டையில் இருக்கும், அதற்கு ஒரு நாள் முந்தியும் பறிக்காதீர்கள். டிரைக்கோடெர்மா, பூவேரியா போன்ற உயிர் மருந்துகளைத் தாமிரத்தோடோ வேறு பூஞ்சைக்கொல்லியோடோ கலக்கவும் கூடாது. அவையே பூஞ்சைகள், செத்துப்போகும்.

எந்தக் கட்டத்தில் செடியைப் பிடுங்கிவிடலாம்?

வைரஸ் என்று உறுதியானால் அன்றே. காய்க்குமா என்று காத்திருக்கும் நாட்களில் பக்கத்துச் செடிகளுக்கும் வெள்ளை ஈ அதைக் கொண்டுபோகும். தக்காளி, உருளையில் எண்ணெய் பட்டது போன்ற கரும்பழுப்புத் திட்டுகள் தோன்றி, காலையில் அவற்றின் அடி விளிம்பில் வெள்ளை ரோமம் தெரிந்தால் பின்பருவக் கருகல். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் கொண்டுவந்த அதே நோய். குளிர்ந்த மழைநாட்களில் ஒரே வாரத்தில் பாத்தியைக் காலி செய்யும், யோசிக்க நேரம் தராது.

பிடுங்கும்முன் செடியைப் பெரிய பையால் மூடிக்கொள்ளுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். குவியல் 55 டிகிரிக்கு மேல் பல நாள் சூடேறினால்தான் கிருமிகள் சாகும், வீட்டு உரக்குழி அந்த அளவுக்குச் சூடாவது அரிது. எரிக்கவோ ஆழப் புதைக்கவோ செய்யுங்கள். பிறகு கையையும் கத்தரிக்கோலையும் கழுவிவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.